மணிக்கு நாங்கள் கொடுத்த கூலி

மாலை ஆறரை மணிக்கு அலுவலகத்திலிருந்து வந்து, முகம் கழுவி, கூடத்துச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, கைப்பேசியைக் காதில் வைத்து, எதிர்முனையில் இருப்பவரிடம் "சௌக்கியமா?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள், எங்கள் வீட்டு மணி எந்த மூலையில் படுத்திருந்தாலும் எழுந்து வந்துவிடும். முதலில் தன் வலது முன்னங்காலை என் முழங்கால்மேல் வைக்கும். வைத்த கால் வைத்தபடியே இருக்க, நகங்கள் மாத்திரம் வேட்டியை மெல்லப் பிராண்டும். இரண்டு விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, குரைப்பு என்றும் சொல்ல முடியாத, செருமல் என்றும் சொல்ல முடியாத ஒரு 'உப்'பைத் தொண்டைக்குள்ளிருந்து வெளியே விடும். அதற்கும் பலனில்லையானால், தலையைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கூடம் அதிர ஒரே ஒரு குரைப்பு. அதுவும் பலிக்காதபோது வாசலுக்குப் போய், அங்கே கிடக்கும் நாலைந்து ஜோடிச் செருப்புகளில் என் செருப்பை, அதிலும் இடது காலுக்குரியதை மாத்திரம் கவ்வி எடுத்துக்கொண்டு, கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைக் குதிரை நடப்பதைப்போல் என் கண்ணெதிரே மெதுவாக நடந்துபோகும். திருடினவன் ஓடுவான், மணி ஓடாது. செருப்பைக் கடிப்பதும் கிடையாது. பாதி தூரம் போய் நின்று, கழுத்தைத் திருப்பி, நான் பார்க்கிறேனா என்று பார்க்கும். நான் பார்த்துவிட்டேன் என்று நிச்சயமான பிறகுதான் ஓட ஆரம்பிக்கும்.

மணி பெயர்பெற்ற ஜாதி நாய் ஒன்றுமில்லை. இரண்டு வருஷங்களுக்கு முன்பு ஒரு கார்த்திகை மழையில், நங்கநல்லூரில் எங்கள் தெருமுனையில் போட்டிருந்த சிமெண்டுக் குழாய்க்குள் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை என் மகள் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்து எடுத்துவந்தாள். தேன் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் மற்றொன்று மடிந்தும் இருக்கும். பெயர் சூட்டுவதில் விவாதம் எழவில்லை. தமிழ்நாட்டில் நாய்க்கு மணி என்று பெயரிட யோசனை எதற்கு? பெயர்தான் தமிழே தவிர, 'சிட்', 'கம்', 'கோ' என்று நாங்கள் அதனிடம் பேசிய பாஷை ஆங்கிலம்; ஆங்கிலத்தில் கையெழுத்துக்கூடப் போட்டறியாத என் தாயாரும் மணியோடு மாத்திரம் ஆங்கிலத்தில்தான் சம்பாஷிப்பார்.

அந்தக் குரைப்புக்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் இருந்தது. நான் கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டு, "சீ, போடா அந்தாண்ட!" என்று அதட்டுவேன். என் பேச்சுக்கு இடையூறு வரக்கூடாதே என்ற நல்லெண்ணத்தால் என் மனைவி டப்பாவிலிருந்து ஒரு பொறையை எடுத்து வாசற்பக்கமாக வீசுவாள். செருப்பு விவகாரம் மகளுடைய இலாகா. கூடம், சமையற்கட்டு, கொல்லை என்று சிரித்துக் கூவியபடி மூன்று சுற்றுத் துரத்தி அதை மீட்டு வருவாள். என் தாயாரோ, "வாயில்லா ஜீவன், என்னமோ கேக்குது" என்று தன் தட்டிலிருந்தே தயிர்சாதத்தை ஓர் உருண்டை உருட்டிவிடுவார். இவற்றுள் பொறையும் சாதமும் உபசாரம் என்றும், அதட்டலும் துரத்தலும் தண்டனை என்றும் நாங்கள் எண்ணியிருந்தோம். மணியின் கணக்கிலோ நான்கும் வரவுப் பத்தியிலேயே ஏறிக்கொண்டிருந்தன.

நாய்வாலை நிமிர்த்த முடியாது என்ற பழமொழியை நம்பி நான் ஒரு வருஷத்தை வீணாக்கினேன். பழமொழியில் பிழை சொல்வதற்கில்லை; வாலின் வளைவு பிறவியில் வந்தது. ஆனால் சிமெண்டுக் குழாய்க்குள் கிடந்த குட்டிக்குக் கைப்பேசி இன்னதென்று தெரியாது, என் இடது கால் செருப்பையும் தெரியாது. அப்படியிருக்க, இந்தப் பழக்கத்தை அது கருவிலேயே கற்றுவந்தது என்று நான் எப்படித்தான் நினைத்தேனோ!

ஒருநாள், ஓர் உறவினர் தம் தகப்பனார் காலமான செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில் மணி தன் முழுச் சாரீரத்தையும் காட்டியதற்குப் பிறகு, கால்நடை மருத்துவரிடம் அழைத்துப்போனேன். எங்கள் பகுதியில் நெடுங்காலமாகத் தொழில் செய்யும் பெரியவர் அவர். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், ஈறுகளை அழுத்தினார், தொடையிடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று விரலால் துழாவினார், சிறுநீர் சரியாகப் போகிறதா, தண்ணீர் அதிகம் குடிக்கிறதா என்று கேட்டார். வலி, அரிப்பு, தாகம், காது மந்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் நாய் மனிதனிடம்தான் வந்து முறையிடும் என்றும், முறையீட்டைச் சேஷ்டை என்று எண்ணிப் பாராமுகமாக இருப்பது மகாபாவம் என்றும் சொல்லிவிட்டு, தேகத்தில் குறை ஏதுமில்லை என்று தீர்மானமான பிறகு, கையைத் துடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

"சார், இது குரைக்காம சும்மா படுத்திருக்கும்போது நீங்க என்ன பண்ணுவீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அது சும்மா படுத்திருக்கும் பொழுதெல்லாம் "அப்பாடா" என்று நாங்கள் எங்கள் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதுதான் உண்மை. ஒரு நாளில் பெரும்பகுதி அந்த நாய் சாதுவாகவே கிடந்திருக்கிறது. அந்த நேரத்துக்கெல்லாம் சேர்த்து அதற்குக் கிடைத்த சன்மானம் பூஜ்யம். ஒரே ஒரு குரைப்புக்கு வீடே திரும்பிப் பார்க்கிறது. இரண்டில் எதை அப்பியாசம் செய்யலாம் என்று தீர்மானிக்க நாய்க்குப் பெரிய புத்தி வேண்டுமா?

திட்டு எப்படிச் சன்மானமாகும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு பரீட்சைகளைச் சொல்லலாம். ஹங்கேரி நாட்டுத் தலைநகரான புடாபெஸ்டில் ஆடாம் மிக்லோஷியும் அவருடைய சகாக்களும், குட்டியிலிருந்தே மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களையும் வீட்டு நாய்களையும் வைத்துச் செய்து 2003ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று. மாமிசம் கண்ணுக்கெதிரே இருக்கிறது, ஆனால் எவ்வளவு முயன்றாலும் எடுக்க முடியாது என்ற நிலை வந்தபோது, ஓநாய்கள் மாமிசத்தோடேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. நாய்களோ சிறிது நேரத்திலேயே முயற்சியை விட்டுவிட்டு, பின்னால் நின்ற மனிதரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தன. மற்றொன்று, இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் சர்வகலாசாலையைச் சேர்ந்த யூலியானே காமின்ஸ்கி 24 வீட்டு நாய்களைக் கொண்டு செய்து 2017ல் வெளியிட்டது. மனிதர் தம்மை நோக்கி நின்றபோது அந்த நாய்கள் புருவத்தை உயர்த்துவதும் நாக்கை நீட்டுவதுமாக முகபாவங்களை மிகுதியாகக் காட்டின. மனிதர் முதுகைக் காட்டியபோது அவை குறைந்துபோயின. கையில் தின்பண்டம் இருந்ததும் இல்லாததும் இந்தக் கணக்கை மாற்றவில்லை. மனித முகம் தன் பக்கம் திரும்புவதற்கு இத்தனை விலை மதிக்கும் ஒரு பிராணியை நான் திரும்பிப் பார்த்து அதட்டினால், அதட்டல் அதன் காதில் விழுவதற்கு முன்பே திரும்பியது பலித்துவிடுகிறது. கைப்பேசி நேரத்தை மணி தேர்ந்தெடுத்த காரணமும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. மற்ற வேளைகளில் ஒரு குரைப்பை நான் பொறுத்துக்கொள்வேன். பேச்சு நடக்கும்போது பொறுக்க இயலாது, உடனே கொடுத்துவிடுவேன். கடன்காரன் மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கும் சமயம் பார்த்து வாசலில் நின்று குரல் கொடுப்பதில்லையா? அதே சாமர்த்தியந்தான் இது.

பலன் தந்த செய்கை மீண்டும் செய்யப்படும், பலன் தராத செய்கை தேய்ந்து மறையும் என்ற நியதி, நியூயார்க் நகரில் எட்வர்டு தார்ன்டைக் என்ற இளைஞர் பூனைகளையும் நாய்களையும் மரப்பெட்டிகளில் அடைத்து, கயிற்றையோ தாழையோ தற்செயலாக இழுத்தால் கதவு திறக்கும்படி செய்து, ஒவ்வொரு தடவையும் அவை வெளிவர எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கிட்டு 1898ல் எழுதிய காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். நம் வீட்டுக்கு அதைவிட முக்கியமான பாடத்தைத் தந்தவர் பி.எஃப். ஸ்கின்னர். ஹார்வர்டில் அவர் எலிகளை வைத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்த 1930களின் தொடக்கத்தில், நெம்பியை அழுத்தினால் தீனி விழும் யந்திரம் ஒருநாள் இறுகி நின்றுவிட்டது. எலிக்கு இது தெரியாது. அது அழுத்திக்கொண்டே இருந்தது. முதலில் முன்னிலும் வேகமாக, பிறகு விட்டுவிட்டு, பிறகு சோர்ந்துபோய். யந்திரம் வரைந்திருந்த கோட்டைப் பார்த்த ஸ்கின்னர், தாம் கண்டது பெரிய உண்மை என்று உணர்ந்தார். அது வெள்ளிக்கிழமை மாலை. சொல்லிக்கொள்ளக்கூட அங்கே ஆளில்லை. திங்கட்கிழமை வரையில், தமக்கு ஏதேனும் விபத்து நேர்ந்து கண்டுபிடிப்பு உலகத்துக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று அஞ்சி, தெருவைக்கூட ஜாக்கிரதையாகக் கடந்ததாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

இன்னொரு சமயம், ஒரு சனிக்கிழமையன்று, எலிகளுக்கென்று அவரே கையால் உருட்டி வைத்திருந்த தீனி தீர்ந்துபோகும் நிலை வந்தது. உட்கார்ந்து மேலும் உருட்டச் சோம்பல். ஆகவே அழுத்தும்போதெல்லாம் கொடுக்காமல், நிமிஷத்துக்கு ஒரு தடவை மாத்திரம் கொடுத்தால் என்ன என்று பார்த்தார். எலிகள் சளைக்கவில்லை. இந்தச் சோம்பலின் வழியே தொடங்கிய ஆராய்ச்சி, சார்லஸ் ஃபெர்ஸ்டரோடு சேர்ந்து அவர் 1957ல் வெளியிட்ட பெரிய நூலாக வளர்ந்தது. அதிலிருந்து நாய் வளர்ப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டியது இது: எப்போதும் கூலி கிடைத்துவந்த பழக்கம் கூலி நின்றதும் விரைவில் போய்விடும், எப்போதோ ஒரு தடவை, எதிர்பாராமல், கிடைத்துவந்த பழக்கம் லேசில் போகாது. விளங்கவில்லையென்றால் லாட்டரிச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழக அரசு 2003ல் அதைத் தடை செய்யும்வரையில், வாரந்தோறும் தவறாமல் சீட்டு வாங்கியவர்கள் வாரந்தோறும் பரிசு பெற்றவர்களா? என்றோ ஒருநாள் பத்து ரூபாய் விழுந்தவர்கள்தாமே! ஒன்பது தடவை கண்டிப்பாக இருந்துவிட்டுப் பத்தாவது தடவை மனம் இளகுகிற வீடு, தன் நாய்க்கு லாட்டரிச் சீட்டு விற்கிற வீடு.

குடும்ப சபை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடும்ப சபை கூடியது. பிராண்டினாலும், குரைத்தாலும், செருப்பைத் தூக்கினாலும், யாரும் மணியைப் பார்ப்பதில்லை, பேசுவதில்லை, தொடுவதில்லை. வேண்டுமானால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடலாம். செருப்புகள் அலமாரிக்குள் போக வேண்டும். குரைப்பை நிறுத்திய அந்தக் கணத்திலேயே எதையும் நீட்டக்கூடாது. நீட்டினால், 'முதலில் குரை, பிறகு நிறுத்து, கூலி வரும்' என்று ஜோடிப் பாடமாக அது கற்றுக்கொண்டுவிடும். பத்து எண்ணும் அளவாவது அமைதி நிலவ வேண்டும். இத்தனையும் ஏகமனதாக நிறைவேறின, என் தாயார் ஒருவரைத் தவிர.

"அது கேட்டுக்கிட்டே நிக்கும், நான் கல்லு மாதிரி உக்காந்திருக்கணுமாக்கும்? உன்னை அப்படியாடா வளத்தேன்?"

"அத்தை, ஒரு மாசந்தான். அப்புறம் நீங்களே உங்க கையால குடுக்கப்போறீங்க" என்று என் மனைவி சமாதானம் சொன்னாள்.

முதல் நாள் மாலை மணி பதினாறு தடவை குரைத்தது. மகள் பழைய நோட்டில் கோடு கிழித்து வைத்தாள். இரண்டாம் நாள் இருபத்திரண்டு. மூன்றாம் நாள் முப்பத்தெட்டு! மருத்துவர் முன்னமே எச்சரித்திருந்தார். ஸ்கின்னரின் எலியும் முதலில் வேகமாகத்தான் அழுத்தியது. நாமும் அப்படித்தானே? மாடிப்படி விளக்கின் சுவிட்சைத் தட்டி வெளிச்சம் வரவில்லையென்றால் பேசாமல் திரும்பிவிடுகிறோமா? பத்துத் தடவை படபடவென்று தட்டிப் பார்த்துவிட்டு, பலகையின்மேல் ஒரு குத்தும் விட்டுவிட்டுத்தான் நகர்கிறோம். ஆயினும், அறிந்திருப்பது வேறு, சகிப்பது வேறு. மூன்றாம் நாள் மணி புதிய உபாயம் ஒன்றையும் கண்டுபிடித்தது: என் வேட்டித் தலைப்பைப் பல்லில் கவ்விக்கொண்டு பின்னோக்கி நடந்தது. எதிர்முனையில் பேசியவர், "என்ன சார், மூச்சு வாங்குது?" என்று விசாரித்தார். பெரும்பாலான வீடுகளில் வைத்தியம் இந்த இடத்தில்தான் கைவிடப்படுகிறது. அப்படிக் கைவிடும்போது, முப்பத்தெட்டுக் குரைப்புக்குக் குறைந்தால் எதுவும் நடக்காது என்ற படிப்பினையும் நாய்க்குக் கிடைத்துவிடுகிறது. தொடங்கிப் பாதியில் நிறுத்துவதைவிடத் தொடங்காமலே இருப்பது மேல்.

ஐந்தாம் நாள் பதினொன்று, ஆறாம் நாள் ஏழு என்று எண்ணிக்கை இறங்கிவந்தது. எட்டாம் நாள் திடீரென்று முப்பது. காரணம் தெரியாமல் இரண்டு நாள் விழித்தோம். சனிக்கிழமை வீடு பெருக்குகையில் என் தாயாரின் கட்டிலுக்கடியிலிருந்து பொறைத் துணுக்குகளும், தலையணைக்குப் பின்னால் சுருட்டி வைத்த காகிதப் பொட்டலம் ஒன்றும் வெளிப்பட்டன.

"பாட்டி!" என்றாள் மகள்.

"அது ராத்திரி வந்து கையை நக்கிச்சுடி. ரெண்டே ரெண்டு குடுத்தேன்."

அந்த இரண்டு பொறையின் விலை ஒன்பது நாள். இதை நான் கோபத்தோடு சொல்லவில்லை. கல்நெஞ்சம் படைத்தவர்கள் வீட்டில் நாய்க்கு இந்தப் பழக்கம் வருவதே இல்லை; வாய்ப்பில்லை. அன்பு மிகுந்த வீட்டில், அதுவும் அன்பு முறையில்லாமல் சில்லறையாகச் சிந்துகிற வீட்டில்தான் வருகிறது. ஆகவே, கொடுக்கவே கூடாது என்ற விதியை என் தாயாருக்கு மட்டும் மாற்றி எழுதினோம்: தாராளமாகக் கொடுக்கலாம்; கொடுக்கும்போது மணி படுத்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அன்று முதல் அவரைப்போல் கண்டிப்பான வாத்தியார் எங்கள் வீட்டில் வேறில்லை. மணி சாதுவாகக் கிடக்கும் தருணத்தை எங்கள் எல்லோரையும்விட முன்னால் கவனிப்பவர் அவர்தாம்.

ஜமுக்காளம்

பழக்கத்தைப் பிடுங்குவது பாதி வேலைதான். பிடுங்கின இடத்தில் வேறொன்றை நடாவிட்டால் அங்கே களை முளைக்கும். குரைக்காதே என்றால் நாய் அந்த நேரத்தில் என்ன செய்வது? பழைய ஜமுக்காளம் ஒன்றை நாலாக மடித்துக் கூடத்து மூலையில், என் நாற்காலி தெரியும்படி போட்டோம். மணி தற்செயலாக அதன்மேல் கால் வைத்தாலும் ஒரு துண்டு வேகவைத்த கோழி, உட்கார்ந்தால் இன்னொன்று, முன்னங்கால்களை நீட்டி, மோவாயைத் தரையில் வைத்துவிட்டால், சத்தமில்லாமல் போய் இரண்டு கால்களுக்கும் நடுவில் ஒரு துண்டை வைத்துவிட்டு வருவது. துண்டு என்றால் சுண்டைக்காய் அளவு. அன்றைய சாப்பாட்டில் அந்த அளவு குறைக்கப்படும். (திராட்சை, சாக்லேட், வெங்காயம் மூன்றும் நாய்க்கு விஷம்; அன்பு மிகுதியால் அவற்றை நீட்டுபவர்களும் இருப்பதால் சொல்லிவைக்கிறேன்.) "இடம்" என்ற சொல்லை, அது தானாகவே அங்கே போகத் தொடங்கிய பிறகுதான் சேர்த்தோம். மணி கற்ற முதல் தமிழ் வார்த்தை அது.

பிறகு கைப்பேசி ஒத்திகை. அழைப்பு எதுவுமில்லாமலே கைப்பேசியைக் காதில் வைத்து, மணி எழுந்திருக்க நினைப்பதற்குமுன், இரண்டே விநாடியில், ஜமுக்காளத்தில் ஒரு துண்டைப் போடுவேன். அடுத்து ஐந்து விநாடி, அடுத்து பத்து, "சௌக்கியமா?" என்ற வார்த்தையோடு பத்து. அந்த வாரம் முழுவதும், யாருமில்லாத எதிர்முனையை நோக்கி "சௌக்கியமா? மழையெல்லாம் எப்படி?" என்று நான் குசலம் விசாரித்துக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியே பார்த்த பக்கத்து வீட்டு அம்மாள், என் மனைவியைத் தனியே அழைத்து, "அவருக்கு ஆபீஸ்ல ஏதாவது கஷ்டமாம்மா?" என்று கேட்டாராம். மூன்று வாரங்களில் ஒத்திகை பத்து நிமிஷம் வரை நீண்டது. இதில் தவறு நேர்வது ஒரே வழியில்தான்: அவசரப்பட்டு நேரத்தை நீட்டினால் நாய் எழுந்துவிடும், எழுந்தால் அதைக் கோபிக்காமல், முந்தின அளவுக்கே திரும்பிப்போக வேண்டும்.

நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்று நம்மவர் கேலியாகச் சொல்வது மருத்துவ ரீதியாகவே மெய். வேலையில்லாத நாய்தான் வீட்டுக்காரரை வேலை வாங்குகிறது. மணியைக் காலையில் பத்து நிமிஷம் விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு போய்த் திரும்பிவந்த நான், முக்கால் மணி நேரம் அதன் போக்கில் நடக்கவும், கம்பத்துக்குக் கம்பம் நின்று முகரவிட்டுக் காத்திருக்கவும் பழகினேன். முகர்வது நாய்க்கு நமக்குப் பத்திரிகை வாசிப்பதைப்போல. இரவுச் சாப்பாட்டில் ஒரு பங்கைத் தட்டில் வைக்காமல், பழைய துணிகளைச் சுருட்டி அட்டைப்பெட்டியில் போட்டு, அவற்றின் மடிப்புகளில் ஒளித்துவைக்கிறோம். கால்மணி நேரம் மூக்கால் தேடிக் களைத்து, தானாக ஜமுக்காளத்துக்குப் போகிறது. கரிசல் காட்டில் முயலைத் துரத்தி ஓடவே பிறந்த சிப்பிப்பாறையையும் கன்னியையும் மூன்றாம் மாடி ஃபிளாட்டில் பூட்டி வைத்துவிட்டு, சோபாவைக் கிழிக்கிறது, ஓயாமல் குரைக்கிறது என்று புகார் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு நாயின்மேல்தான் இரக்கம் வருகிறது.

அடித்துத் திருத்தலாம் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடிபட்ட நாய் குரைப்பை நிறுத்தக்கூடும். உறுமலையும் சேர்த்து நிறுத்திக்கொண்டு, ஒருநாள் எச்சரிக்கையில்லாமல் கடிக்கவும் கூடும். தவிர, இது சட்டத்துக்கும் விரோதம். 1952ல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை, அரசாங்கமே சட்டம் இயற்றும் என்று நேரு கொடுத்த வாக்குறுதியின்பேரில் அவர் திரும்பப் பெற்றுக்கொள்ள, அதன் பயனாகப் பிறந்ததே 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம். பிராணியை அநாவசியமாக அடிப்பதும் உதைப்பதும் மட்டுமல்ல, வழக்கமாகச் சங்கிலியில் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாய்க்குப் போதிய நடைப்பயிற்சி கொடுக்கத் தவறுவதும் அதன் 11ஆம் பிரிவில் குற்றமாகவே எழுதப்பட்டிருக்கிறது. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல். இன்று பத்து ரூபாய்க்குச் சென்னையில் ஒரு நல்ல டீ கிடைப்பதும் கஷ்டம். அந்த அபராதம் யாரைப் பயமுறுத்தப்போகிறது?

பாராமுகம் என்ற மருந்தை எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடக்கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தீபாவளி வெடிக்கு நடுங்கிக் கட்டிலுக்கடியில் ஒண்டும் நாயும், வீட்டில் ஒருவருமில்லாதபோது எச்சில் ஒழுகக் கதவைப் பிராண்டி அலறும் நாயும், தாயைப் பிரிந்து வந்த முதல் வாரத்தில் இரவெல்லாம் முனகும் குட்டியும், கண்ணும் காதும் மங்கிய கிழ நாயும் கவனத்தைச் சம்பாதிக்க நடிப்பவை அல்ல. அவை பயந்திருக்கின்றன, அல்லது தவிக்கின்றன. அவற்றின் அருகில் உட்காருங்கள். அணைத்துத் தேற்றுவதால் பயம் வளர்ந்துவிடாது.

இரண்டு மாதத்துக்குப் பிறகு திருநெல்வேலியிலிருந்து சித்தப்பா வந்தார். விதியெல்லாம் சொல்லித்தான் உட்கார வைத்தோம். மணி வந்து அவர் முழங்காலில் கால் வைத்து ஒரு 'உப்' போட்டதும், "அடே, பேசுதே!" என்று பரவசப்பட்டுத் தம் மெதுவடையில் பாதியைப் பிட்டுக் கொடுத்தார். அன்று இரவு பத்தொன்பது குரைப்பு. மறைந்ததாக நினைத்த பழக்கம் ஓய்வுக்குப் பின் தானே தலைகாட்டும் என்பதை ருஷ்யாவில் பாவ்லோவ் தம் நாய்களிடம் அந்தக் காலத்திலேயே கண்டிருக்கிறார் என்று படித்திருந்தபடியால் நான் பதறவில்லை. பழைய நோட்டை எடுத்தோம். நாலு நாளில் எண்ணிக்கை இரண்டுக்கு வந்தது. சித்தப்பா ஊருக்குப் போகும்போது, மணி ஜமுக்காளத்தில் கிடக்கையில் தாமே ஒரு துண்டு வைத்துவிட்டுத்தான் போனார்.

இவ்வளவு தூரம் பொறுமையாக வாசித்தவர்களிடம் ஒரு விண்ணப்பம். இந்தப் பக்கத்தை நீங்கள் வாசித்து முடிக்கும்வரையில் உங்கள் வீட்டு நாய் குரைக்காமல், பிராண்டாமல், எங்கோ ஒரு மூலையில் சும்மா படுத்திருக்குமானால், பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்துபோய், அதன் இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவில் ஒரு துண்டுப் பொறையை வைத்துவிட்டு வாருங்கள்.